குச்சிக்கிழங்கும் தாஹோமே குளவியும்

பொங்கல் முடிந்த கையோடு ராசிபுரத்துச் சம்பந்தி வந்திருந்தார். பேத்தியைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரு பை நிறையக் குச்சிக்கிழங்கு கொண்டுவருவார். இந்த முறை பை சின்னதாக இருந்தது. "தோட்டத்துல தேமலுங்க சம்பந்தி, கிழங்கு தேறல" என்றார். காப்பி ஆறும்வரை வேறொன்றும் பேசவில்லை. இரண்டு ஏக்கர்க்காரர். பத்து மாதம் காத்திருந்து எடுக்கிற வெள்ளாமை அது.

கொங்குப் பக்கம் குச்சிக்கிழங்கு என்பதைப் புதுச்சேரியில் நாங்கள் மரவள்ளி என்போம். பள்ளிக்கூடத்தில் எனக்கு எல்லாம் பிரெஞ்சில்தான். புவியியல் புத்தகத்தில் மேற்கு ஆப்பிரிக்கக் குடியேற்றங்களைப் பற்றிய பாடத்தில், தாஹோமே நாட்டு மக்கள் 'மானியோக்' என்ற கிழங்கைத் தின்று வாழ்கிறார்கள் என்று படித்தேன். ஏதோ கண்காணாத காட்டுக்கிழங்கு என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் அம்மா அவித்து, மிளகாய்ச் சட்னியோடு வைத்ததும் அதே மானியோக்தான் என்று தெரியப் பல வருஷம் ஆயிற்று. எங்கள் படிப்பு அப்படி.

கிழங்கின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. போர்த்துக்கீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்தது. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சத்துக்குக் கைகொடுக்கும் என்று அதைப் பரப்பினார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது அந்தச் சீமையைக் காப்பாற்றியது கப்பைதான்.

அதே போர்தான் சேலத்தையும் மாற்றியது. அதுவரை ஜவ்வரிசி சிங்கப்பூர், மலேயா பக்கமிருந்து கப்பலில் வரும். அசல் ஜவ்வரிசி சாகோ என்ற பனையின் தண்டிலிருந்து எடுப்பது. கப்பல் நின்றதும், 1943 வாக்கில் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், மலேயா முறை தெரிந்த போபட்லால் ஷா என்பவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, மரவள்ளி மாவிலேயே ஜவ்வரிசி உருட்ட ஆரம்பித்தார். நாம் பாயசத்தில் போடுவது அதுமுதல் மரவள்ளிதான். 1981-ல் உற்பத்தியாளர்கள் சேர்ந்து சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது.

திருப்பூர்க்காரர்கள் நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். பனியன் நூலுக்கு மெழுகு போதும், கஞ்சி வேண்டாம். ஆனால் பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறியில் பாவு நூல் அறாமல் ஓட வேண்டுமென்றால் சைசிங்கில் கஞ்சி போட்டாக வேண்டும். அந்தக் கஞ்சிக்கு மரவள்ளி மாவும் போகிறது. ஆலைக்குக் கிழங்கு போனால் எடையோடு மாவுச்சத்தையும் பார்ப்பார்கள். அதற்குப் 'பாயிண்ட்' என்று பெயர். பாயிண்ட் குறைந்தால் டன்னுக்கு விலை குறையும். சம்பந்தியின் கிழங்குக்கு ஒரு ஆலையில் ஒரு பாயிண்டும், மறுநாள் இன்னொரு ஆலையில் வேறொரு பாயிண்டும் வந்ததாம். யாரிடம் போய்க் கேட்பது? நாற்பது வருஷம் கோப்பு எழுதிய எனக்கே அதற்கு மனு எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்று விளங்கவில்லை.

இனி தேமலுக்கு வருகிறேன். இலையில் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக விழும், இலை கோணிச் சுருங்கும். இது வைரஸ் நோய். ஆப்பிரிக்காவில் 1894-லேயே ஒரு ஜெர்மன்காரர் இதைப் பற்றி எழுதிவைத்தார். நம் பக்கம் இரண்டு வைரஸ்கள், ஒன்று இந்தியப் பெயரில், ஒன்று இலங்கைப் பெயரில். தமிழ்நாட்டில் இலங்கைப் பெயர்க்காரர்தான் அதிகம். அதே வைரஸ் 2015-ல் கம்போடியாவிலும் தலைகாட்டியது. வெள்ளை ஈ பரப்பும் என்பார்கள். உண்மைதான். அதைவிட அதிகமாகப் பரப்புவது மனுஷன். மரவள்ளிக்கு விதை கிடையாது, போன வெள்ளாமையின் குச்சியை வெட்டிக் கரணையாக நடுவதுதான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் ஒரு கட்டுக் குச்சியில் நோயும் சேர்ந்து வரும். விளைச்சலில் கால் பங்கும் போகலாம், பாதிக்கு மேலும் போகலாம். 1963-ல் தொடங்கிய திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1971-ல் வெளியிட்ட எச் 226 ரகம்தான் சேலம், நாமக்கல் எங்கும் பரவியது. மாவு நன்றாக வரும், ஆனால் தேமலைத் தாங்காது. தாங்குகிற ஸ்ரீ ரக்ஷா போன்ற ரகங்கள் வந்திருக்கின்றன. ஆனால் கரணை ஊர் ஊராகப் போய்ச் சேரவேண்டுமே! ஒரு செடியிலிருந்து பத்துக் கரணை எடுக்க ஒரு வருஷம் ஆகும்.

தேமலோடு நிற்கவில்லை. 2009-ல் நான் மகன் வீட்டோடு வந்து சேர்ந்தபோது திருப்பூர் அப்போதுதான் தனி மாவட்டமாகியிருந்தது. கொல்லையில் பப்பாளியும் செம்பருத்தியும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துக் கிடந்தன. பப்பாளி மாவுப்பூச்சி. 2008-ல் கோயம்புத்தூரில் கண்டுபிடித்தார்கள். உடுமலைப்பேட்டைப் பக்கம் பட்டுப்புழுவுக்கு வைத்த மல்பெரியை மொட்டையடித்தது, மரவள்ளியையும் விடவில்லை. எத்தனை மருந்து அடித்தும் அடங்காத அது, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்குத் தருவித்துப் பெருக்கிவிட்ட எறும்பைவிடச் சிறிய குளவிகளால் அடங்கியது. எங்கள் செம்பருத்தி தானாகத் துளிர்த்தது. நான் அப்போது காரணம் தெரியாமல் வேப்பெண்ணெயின் மகிமை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

2020-ல் அடுத்தது, மரவள்ளிக்கே உரிய மாவுப்பூச்சி. முதலில் கேரளத்தில் திருச்சூரில், பிறகு நாமக்கல், சேலம் என்று வந்துவிட்டது. ஊரடங்கு வேறு. கொழுந்தை உறிஞ்சும், கணு குறுகிச் செடியின் தலை முட்டைக்கோசு மாதிரி குவிந்துவிடும். ஆண் இல்லாமலே பெருகுகிற இனம். சம்பந்தி மூன்று முறை மருந்து அடித்தார். பூச்சி மறுபடி வந்தது, கடன்தான் போகவில்லை.

இதே பூச்சி 1970-களில் காங்கோவில் நுழைந்து ஆப்பிரிக்கா முழுக்க மரவள்ளியை அழித்தது. ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் தலைமையில் அதன் எதிரியைத் தேடினார்கள். தென் அமெரிக்காவில் முதலில் கிடைத்தது தப்பான பூச்சி. பார்க்க ஒன்றுபோல, ஆனால் வேறு இனம். (அதற்குப் பிறகு ஹெரன் பெயரையே வைத்துவிட்டார்கள்!) அசல் பூச்சி 1981-ல் பராகுவேயில் கிடைத்தது. கூடவே அதனுள் முட்டையிட்டு அதைத் தின்று வளரும் ஒரு குளவியும் கிடைத்தது. நைஜீரியாவில் தொடங்கிச் சுமார் 30 நாடுகளில் அதை விட்டார்கள், சில இடங்களில் விமானத்திலிருந்தே. ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

நமக்குக் குளவி வந்தது பெனின் நாட்டின் கொத்தொனு நகரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்திலிருந்து. பெங்களூரில் பரிசோதித்துப் பெருக்கி, 2022 மார்ச் மாதம் சேலத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விட்டார்கள். செய்தியைப் படித்தபோது பெனின் எங்கே இருக்கிறது என்று பேத்தியின் அட்லஸை எடுத்தேன். 1975 வரை அதன் பெயர் தாஹோமே! என் பழைய புத்தகத்து மானியோக் நாடு. அங்கிருந்துதான் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் உயிர்கள் ராசிபுரம் தோட்டத்தைக் காப்பாற்றப் புறப்பட்டு வந்திருக்கின்றன.

சம்பந்தி தோட்டத்தில் மாவுப்பூச்சி இப்போது குறைந்துவிட்டது. ஆனால் மருந்தை நிறுத்த அவருக்கு மனம் வர இரண்டு வருஷம் ஆயிற்று. அடித்தால் முதலில் சாவது குளவிதான் என்று அதிகாரி சொன்னதை நம்பவில்லை. "கண்ணுக்கே தெரியாத ஈயை நம்பி எப்படீங்க சும்மா இருக்கறது?" என்றார். அவர் நிலையில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

தேமலுக்கோ குளவி கிடையாது. தேமல் படாத செடியைப் பச்சையாக இருக்கும்போதே அடையாளம் வைத்து, அதன் குச்சியை மட்டும் அடுத்த வெள்ளாமைக்கு எடுக்கவேண்டும். இலை உதிர்ந்தபின் எது நோய்க்குச்சி, எது நல்ல குச்சி என்று தெரியாது. ஊருக்குக் கிளம்பும்போது மகனிடம் பனியன் வேஸ்ட் கேட்டார். சிவப்பு நிறம்தான் வேண்டுமென்றார், தூரத்திலிருந்து தெரியுமாம். நானும் பேத்தியுமாக உட்கார்ந்து ஒரு கிலோ துணியை நாடா நாடாகக் கிழித்து, அவர் கிழங்கு கொண்டுவந்த அதே பையில் போட்டுக் கொடுத்தோம்.