மூங்கிலில் வெட்டிய கணக்கு

1856ஆம் ஆண்டின் தொடக்கம். கீழ் பர்மாவில், பெகு மலைக்காட்டு முகட்டில் ஒரு யானை நடந்து போகிறது. மேலே உட்கார்ந்திருப்பவர் டீட்ரிச் பிராண்டிஸ். வயது 31. ஜெர்மனியின் பான் நகரில் தாவரவியல் கற்பித்தவர். காட்டு அதிகாரி வேலைக்குப் புதியவர். இடது கையில் நான்கு மூங்கில் துண்டுகள், வலது கையில் பேனாக்கத்தி. பார்வைக்குத் தேக்கு தட்டுப்பட்டால் அதன் பருமனைக் கண்ணால் அளந்து, அந்தத் தரத்துக்கு உரிய மூங்கிலில் ஒரு வெட்டு. சுற்றளவு ஆறடிக்கு மேல் என்றால் முதல் தரம். அதற்குக் கீழே இரண்டு, மூன்று, கடைசியில் இளங்கன்று. ஈரம் சொட்டும் காட்டில் நோட்டுப் புத்தகம் தாங்காது. மூங்கில் தாங்கியது.

மாலையில் கூடாரத்துக்குத் திரும்பி வெட்டுகளை எண்ணுவார். முதல் தரத்தில் இத்தனை மரம், இரண்டாம் தரத்தில் இத்தனை. இரண்டாம் தர மரம் முதல் தரமாகப் பருக்க 24 ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொண்டால், முதல் தர மரங்களில் 24இல் ஒரு பங்கை மட்டும் ஆண்டுதோறும் வெட்டலாம். அதற்கு மேல் ஒன்று வெட்டினாலும் அசலில் கை வைத்ததாகிவிடும். வட்டியை மட்டும் செலவழி, அசலைத் தொடாதே என்கிற வட்டிக்கடைக் கணக்கு இது. காட்டுக்குள் யானைமேல் ஏறி வந்திருந்தது.

ரங்கூன் மர வியாபாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. பெகுவை ஆங்கிலேயர் பிடித்து நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. காட்டைத் திறந்துவிடுங்கள், வெட்டிக்கொள்கிறோம் என்பது அவர்கள் கோரிக்கை. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. நின்ற நிலையிலேயே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிக்கட்டையையும் வளையமாக வெட்டிக் கொன்று, இரண்டு மூன்று ஆண்டு காயவிட்டுத்தான் சாய்த்து ஆற்றில் தள்ளுவார்கள். ஆகவே எந்த மரம் சாக வேண்டும் என்று குறிக்கிற உரிமை யாருக்கு என்பதே அங்கே வியாபாரச் சண்டையின் மையம். அந்த உரிமையைப் பிராண்டிஸ் அரசின் கையில் கொண்டுவந்து சேர்த்தார். 1864இல் இந்தியா முழுமைக்குமான முதல் வனத்துறைத் தலைவரும் அவரே.

இன்று மேலாண்மைப் படிப்பில் ‘நீடித்த வளர்ச்சி’ என்று ஒரு பாடம் இருக்கிறது. வணிக அறம் அதற்கு அடுத்த அத்தியாயம். இரண்டும் நேற்று முளைத்த பாடங்கள் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பாடத்தின் முதல் மாணவர்கள் கோட்டு சூட்டு போட்டவர்கள் அல்லர். காட்டில் கோடரிக்குக் குறி போட்டவர்கள். அதன் முதல் ஆசிரியரோ காட்டுக்காரர்கூட இல்லை. வெள்ளிச் சுரங்கத்து அதிகாரி.

ஜெர்மனியின் கிழக்கில் சாக்சனி. அங்கே ஃபிரைபெர்க் ஊரில் 1168இல் வெள்ளி கிடைத்தது. வெள்ளி என்றால் விறகு. பாறையின்மேல் தீ மூட்டிச் சூடேற்றி விரிசல் விடச் செய்து உடைப்பது அந்நாள் சுரங்க முறை. உள்ளே மண் சரியாமல் முட்டுக்கொடுக்க மரம் வேண்டும். வெளியே கொண்டுவந்த தாதுவை உருக்கக் கரி வேண்டும். ஐந்நூறு ஆண்டு இப்படியே ஓடியதில் பக்கத்து மலைகள் மொட்டையாகிவிட்டன. தாது இருந்தும் உலை எரியாத நிலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

அந்தச் சுரங்கத் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ். 1713இல் லைப்சிக்கில் ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டார். பெயர் ‘சில்விகல்ச்சுரா எகனாமிகா’. விதை எப்படி எடுப்பது, கன்று எப்படி நடுவது, வீட்டுச் சுவரை எப்படிக் கட்டினால் விறகு மிச்சமாகும் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. நடுவில் போகிற போக்கில் ஒரு சொல்: ‘நாஹ்ஹால்ட்டென்ட்’. பின்னுக்கு என்று நிறுத்திவைப்பது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். நம்மூர் விவசாயிக்கு விளக்கவே வேண்டியதில்லை. விதைநெல்லைக் குத்தித் தின்னாதே என்பதுதான். புத்தகம் வந்த மறு ஆண்டே கார்லோவிட்ஸ் இறந்துவிட்டார். அந்தச் சொல் பின்னாளில் ஐ.நா. சபை வரைக்கும் போகும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அவருக்கு இருந்த கவலை உலை அணையக் கூடாது என்பதுதான்.

இந்த இடத்தைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். மரத்தின்மேல் பாசம் வந்து பிறந்த சொல் அல்ல இது. ஒரு தொழில் தன் மூலப்பொருளைத் தானே தின்று தீர்த்த பிறகு, கணக்குப் பிள்ளையின் பதற்றத்தில் பிறந்தது.

சொல் கிடைத்தது, பள்ளிக்கூடம் வர நாளாயிற்று. ஹைன்ரிஷ் கோட்டா என்ற காட்டு அளவையாளர் தன் சொந்தப் பள்ளியை 1811இல் சாக்சனியின் தாரண்ட் ஊருக்கு மாற்றினார். 1816இல் அது அரசு அகாதெமி ஆனது. பிரஷ்யாவில் ஃபைல் என்பவர் 1830இல் பெர்லினுக்கு வடகிழக்கே எபெர்ஸ்வால்டேயில் ஒன்றை நிறுவினார். பிரான்சில் நான்சி நகரில் 1824இலேயே ஒன்று இருந்தது. பாடத்திட்டத்தின் முதுகெலும்பு கணிதம். காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரி. மரம் முற்ற எத்தனை ஆண்டோ அத்தனை கட்டம். ஆண்டுக்கு ஒரு கட்டத்தை வெட்டி, வெட்டிய இடத்தில் நடு. கடைசிக் கட்டம் வெட்டி முடியும்போது முதல் கட்டம் மறுபடி தயாராக நிற்கும்.

வெட்டுகிற அந்தக் கட்டத்துக்குப் பிரெஞ்சில் ‘கூப்’. மேற்குத் தொடர்ச்சி மலையில் தடி ஏற்றும் லாரிக்காரர்கள் ‘கூப்பு’ என்பது இதைத்தான். ‘கூப்பு ரோடு’ என்று சொல்லும்போது பிரான்சின் வகுப்பறைச் சொல் ஒன்று வாயில் புரள்வது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கணக்குக்கு வசதியான காடு எது? ஒரே மரம், ஒரே வயது, நேர்வரிசை. அதனால் கலப்புக் காடு நின்ற இடங்களில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் ஏக்கர் ஏக்கராக ஏறியது. கோட்டாவின் 80ஆவது பிறந்தநாளுக்கு 80 ஓக் மரங்கள் நட்டார்கள். அடுத்த ஆண்டு அவரை அந்த ஓக் தோப்புக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். ஸ்ப்ரூஸ் வரிசைகளை நாடெங்கும் பரப்பிய படிப்புக்கு ஆசான், ஓக் நிழலில் படுத்திருக்கிறார்.

இதே காலத்தில், ஜெர்மன் அகாதெமி எதையும் எட்டிப் பாராமல், சென்னை மாகாணத்தில் ஒரு சோதனை நடந்தது. மலபார் தேக்கு பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்குப் போய்க்கொண்டிருந்தது. 1806இல் வாட்சன் என்ற கேப்டனை வனக் காப்பாளராகப் போட்டு, தேக்கு முழுவதும் அரசின் ஏகபோகம் என்றார்கள். மரத்துக்குச் சொந்தக்காரர்களும் வியாபாரிகளும் குமுறியதில், 1823இல் கவர்னர் தாமஸ் மன்றோ அந்தப் பதவியையே ஒழித்தார். அதன்பின் வெட்டு கட்டுக்கடங்காமல் போனது. 1840களில் மலபார் கலெக்டர் கனோலி, வெட்டியது போதும், இனி நடுவோம் என்று நிலம்பூரில் இறங்கினார்.

நடுவது அவ்வளவு சுலபமாக இல்லை. தேக்கின் காய்க்குக் கெட்டியான ஓடு. விதைத்தால் முளைக்கவில்லை. பல முறை தோற்ற பிறகு வழி பிடிபட்டது. ஊன்றி, நாற்றுவிட்டு, பிடுங்கி நட்டு, காவல் காத்துக் காட்டை எழுப்பியவர் சாத்து மேனன் என்ற உள்ளூர் அதிகாரி. 1862இல் அவர் இறப்பதற்குள் நட்ட தேக்கு பத்து லட்சத்துக்கும் மேல். எந்த அகாதெமியின் பட்டமும் அவரிடம் இல்லை. தோட்டத்துக்குப் பெயர் கனோலியுடையது. அந்தக் கனோலியும் 1855இல் கோழிக்கோட்டில் மாப்பிளாக்கள் சிலரால் வெட்டிக் கொல்லப்பட்டார். காரணம் தேக்கு அல்ல, மலபாரின் கொதிப்பான அரசியல்.

1856இல் சென்னை மாகாணம் தனி வனத்துறை அமைத்து, ஹ்யூ கிளெகார்ன் என்ற மருத்துவரை அதன் தலைவராக்கியது. அதே ஆண்டுதான் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியது. தண்டவாளத்துக்குக் கீழே கட்டை, என்ஜினுக்குள்ளே விறகு. ஃபிரைபெர்க் உலையின் இடத்தில் இப்போது ரயில் என்ஜின். கணக்கு அதே கணக்கு. அந்தக் கணக்கைப் போடத் தெரிந்த ஆட்களுக்காக, இங்கே அதிகாரியாக வரவேண்டியவர்களை ஜெர்மனிக்கும் நான்சிக்கும் அனுப்பிப் படிக்கவைத்தார்கள். கீழ்நிலை ஆட்களுக்காக 1878இல் டேராடூனில் வனப்பள்ளி வந்தது. கோவையில் 1902இல் காஸ் அருங்காட்சியகம், 1912இல் சென்னை வனக் கல்லூரி. ரேஞ்சர்களாகப் போகும் தென்னிந்தியப் பையன்கள் ஆண்டு வெட்டுக் கணக்கைப் படித்தது அங்கேதான்.

பாடத்தில் இல்லாத ஒரு கேள்வி வெளியே சண்டையாக நடந்துகொண்டிருந்தது. காடு நீடிக்க வேண்டும், சரி. யாருக்காக?

1878இல் இந்திய வனச் சட்டம் வந்தது. அதன் கருத்தை முன்னின்று வகுத்த அரசு அதிகாரி பேடன் பவலின் வாதம்: அரசு எழுதிக்கொடுக்காத உரிமை உரிமையே அல்ல, காலங்காலமாக விறகு பொறுக்கியது சலுகை, அவ்வளவுதான். இதை வலுவாக எதிர்த்தவர்களில் சென்னை அரசே ஒன்று என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். யாருக்கும் சொந்தமில்லாத காடு என்று இந்த மாகாணத்தில் ஒன்றும் கிடையாது, எல்லாம் ஏதாவது ஓர் ஊரின் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஊர்க்காரர் தழையும் விறகும் மேய்ச்சலும் அதில்தான் என்று சென்னை வருவாய் வாரியம் வாதாடியது. பிராண்டிஸும் ஊர்களுக்கென்று தனிக் காடு விட வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. சென்னையும் கடைசியில் 1882இல் தனக்கென ஒரு வனச் சட்டம் இயற்றிக்கொண்டு காப்புக்காடு கல் நட ஆரம்பித்தது. மலையில் எரித்துப் பயிரிடும் குமரி சாகுபடிக்கு 1860லேயே கட்டுப்பாடு வந்திருந்தது. வணிக அறம் என்று இன்று வகுப்பறையில் எதை விவாதிக்கிறார்களோ, அந்த விவாதம் முழுசாக அந்த வருவாய் வாரியக் கோப்புகளில் நடந்து முடிந்திருக்கிறது. தோற்ற தரப்பைப் பாடப்புத்தகம் சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவே.

ஓய்வு பெற்று பானுக்குத் திரும்பிய பிராண்டிஸைத் தேடி ஓர் அமெரிக்க இளைஞர் வந்தார். பெயர் கிஃபர்ட் பின்ஷோ, நான்சியில் படித்துக்கொண்டிருந்தவர். என்ன படிப்பது, எந்தக் காட்டைப் பார்ப்பது என்று கிழவர் வழிகாட்டினார். 1900இல் பின்ஷோ குடும்பம் ஒன்றரை லட்சம் டாலர் கொடுக்க, யேல் பல்கலைக்கழகத்தில் வனப்பள்ளி தொடங்கியது. 1905இல் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவர் பின்ஷோ. பெகு மூங்கிலின் வெட்டு இப்படித்தான் அட்லாண்டிக்கைக் கடந்தது.

பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் கார்லோவிட்ஸின் அந்தச் சொல் காட்டை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. 1987இல் ஐ.நா. அமைத்த பிரண்ட்லண்ட் குழுவின் அறிக்கை அதை உலகப் பொருளாதாரத்துக்கே பொதுச்சொல் ஆக்கியது. தமிழில் அதற்கு ஒன்றுக்கு நான்கு சொல்: நீடித்த, நிலைத்த, வளங்குன்றா, இலங்கையில் பேண்தகு. கார்லோவிட்ஸ் சொன்னதற்கு மிக நெருக்கம் வளங்குன்றாதான்.

இந்தியாவில் இந்தச் சொல்லுக்குச் சட்டத்தின் வலுவைத் தந்தது தமிழ்நாட்டுத் தோல். 1991இல் வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று பாலாற்றுத் தோல் ஆலைகளின்மேல் உச்ச நீதிமன்றம் போனது. தீர்ப்பு 1996 ஆகஸ்டில். திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் எடுத்த ஒரு கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது: குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகளில் கெட்டுப்போனவை 350. அந்நியச் செலாவணி ஈட்டும் தொழில் என்பதற்காகக் கிணற்றைக் கெடுக்க உரிமை கிடையாது, கெடுத்தவனே செலவு ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஆலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். அன்றைக்கும் அது பெரிய தொகை இல்லை. ஆனால் சட்டக் கல்லூரிகளில் வேலூர் வழக்கைப் படிக்காமல் சுற்றுச்சூழல் சட்டத்தைத் தாண்ட முடியாது. உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, பட்டப்படிப்பு எதுவானாலும் சுற்றுச்சூழல் தாள் கட்டாயம் என்று 2004இல் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்பாடு செய்தது. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மட்டும் புரட்டப்படும் அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் இருப்பவை அந்தக் கிணறுகளும்தான்.

ஃபைல் நிறுவிய எபெர்ஸ்வால்டே பள்ளியைக் கிழக்கு ஜெர்மன் அரசு 1963இல் மூடியது. 1992இல் மறுபடி திறந்தார்கள். 2010இல் அதன் பெயரையே நீடித்த வளர்ச்சிக்கான உயர்கல்வி நிறுவனம் என்று மாற்றிவிட்டார்கள். வனத்துறைக்குப் பக்கத்திலேயே நீடித்த பொருளாதாரத்துக்கும் ஒரு துறை. ஒரே வளாகத்தில் ஒருவர் மரத்தை அளக்கிறார், இன்னொருவர் நிறுவனத்தின் வரவு செலவை அளக்கிறார். அந்த மாணவர்களுக்கு நேரடிப் பாடம் ஜன்னலுக்கு வெளியிலேயே இருக்கிறது. 2018 முதல் 2021 வரையிலான வறட்சியிலும் பட்டை வண்டுத் தாக்குதலிலும் ஜெர்மனி சுமார் 5 லட்சம் ஹெக்டேர் மரப்போர்வையை இழந்தது. பெரும்பகுதி ஸ்ப்ரூஸ். வரிசையாக நட்டவை வரிசையாகவே காய்ந்தன. இப்போது பழையபடி கலப்பாக நடுகிறார்கள். எந்த மரம் எத்தனை ஆண்டில் முற்றும் என்ற பழைய அட்டவணை அந்தக் காட்டுக்குப் பொருந்தாது.

நிலம்பூரில் கனோலி தோட்டத்தின் ஒரு துண்டு மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். இரண்டரை ஹெக்டேருக்கும் குறைவு. கப்பலுக்காக நட்ட மரங்கள் நூற்றெழுபது வயது தாண்டி நிற்கின்றன. அவை முற்றுவதற்குள் கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன. இன்று உள்ளே போக டிக்கெட். பெரிய மரத்தைக் கட்டிப்பிடித்துப் படமெடுக்கச் சில பேர் கைகோக்க வேண்டியிருக்கிறது.