வெறும் கூடு

ஆணி கொஞ்சம் அதிகமாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அக்கா போன் பண்ணினாள். "டேய், பாப்பாவுக்கு அந்த கர்ப்பப்பை வாய் புற்றுநோய் ஊசி போடலாமா? உயிருள்ள வைரஸை ஏத்துறாங்கன்னு சொல்றாங்களேடா..." படிச்சது இன்ஜினியரிங், பொழைப்பு பொட்டி தட்டறது. ஆனாலும் கம்ப்யூட்டர் தெரிஞ்சவனுக்கு எல்லாம் தெரியும்ங்கிறது எங்க வீட்டு ஐதீகம். ரெண்டு நாள் டைம் கேட்டுட்டு படிக்க உட்கார்ந்தேன். அப்படிச் சிக்கினவர்தான் இயன் ஃப்ரேசர்.

1953ல் கிளாஸ்கோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு, நோய் எதிர்ப்பியல் ஆராய்ச்சிக்காக 1980களின் துவக்கத்தில் மெல்போர்ன் போனார். அங்கே எதிர்ப்பு சக்தி குறைந்த ஆண் நோயாளிகளைப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. பாப்பிலோமா வைரஸ் அவர்கள் உடம்பை விட்டுப் போகவே இல்லை, சிலருக்குப் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களும் தெரிந்தன. அப்படியென்றால் மற்றவர்களை இதிலிருந்து காப்பது எதிர்ப்பு சக்திதானே? 1983ல்தான் ஜெர்மனியில் ஹரால்ட் சுர் ஹாசன் கர்ப்பப்பை வாய் புற்றுக்கட்டிகளில் 16ம் வகை பாப்பிலோமா வைரஸைக் கண்டுபிடித்திருந்தார் (2008ல் நோபல்). ஃப்ரேசர் 1985ல் பிரிஸ்பேனில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துக்கு மாறி, இதையே பிடித்துக்கொண்டார்.

சிக்கல் என்னன்னா, இந்த வைரஸ் ஆய்வகத்தில் லேசில் வளராது. வளர்த்தாலும் அதற்குள் புற்றுநோயைத் தூண்டும் ஜீன்கள் இருக்கின்றன. அதை வலுவிழக்கச் செய்து ஊசியில் ஏற்ற யாருக்கு தைரியம் வரும்?

1989ல் கேம்பிரிட்ஜுக்கு ஆய்வு விடுப்பில் போன இடத்தில் ஜியான் ஜௌ அறிமுகமாகிறார். சீனாவின் ஹாங்ஜௌவில் 1957ல் பிறந்தவர், ஜீன்களை வெட்டி ஒட்டுவதில் கில்லாடி. அடுத்த வருஷம் அவரும் மனைவி ஷியாவ் யி சுன்னும் பிரிஸ்பேன் வந்துவிட்டார்கள். வைரஸின் மேலோட்டுப் புரதத்துக்கான ஜீன்களை மட்டும் எடுத்து வேறு செல்களுக்குள் புகுத்திப் பார்த்தார்கள். 1991ல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், புரதங்கள் தாமாகவே சேர்ந்து குட்டிக் குட்டி உருண்டைகளாக நிற்கின்றன! அச்சு அசல் வைரஸ் மாதிரி வெளித்தோற்றம், உள்ளே டிஎன்ஏ கிடையாது. நம்ம பாஷையில் ஹெடர் மட்டும் இருக்கும் பாக்கெட், பேலோட் காலி. உடம்பு இதைப் பார்த்து நிஜ வைரஸ் என்று ஏமாந்து எதிர்ப்பொருள் தயாரித்து வைத்துக்கொள்ளும்.

1991 ஜூலையில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். ஆரம்பித்தது குடுமிப்பிடி. அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன், ரோச்செஸ்டர், தேசியப் புற்றுநோய்க் கழகம் மூன்றும் 'நாங்கதான் முதல்' என்று நின்றன. 2007ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த ஆஸ்திரேலிய விண்ணப்பத்திலேயே செய்முறை தெளிவாக இருக்கிறது என்று ஃப்ரேசர் பக்கம் தீர்ப்பளித்தது. என் கட்சி என்னன்னா, கூடு நிறைய, ஒழுங்காக உருவாகும் வழியைக் காட்டியதில் புற்றுநோய்க் கழகத்தின் லோவி, ஷில்லர் இருவருக்கும் பெரிய பங்கு உண்டு. 2017ல் லாஸ்கர் விருது அவர்களுக்குத்தான் போனது.

ஜௌ எதையும் பார்க்கவில்லை. 1999 மார்ச்சில், 42 வயதில், சீனாவுக்குப் போயிருந்தபோது இறந்துபோனார். அமெரிக்காவில் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது 2006 ஜூனில். ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் முதல் ஊசியை ஃப்ரேசரே போட்டார். 2007ல் பள்ளி மாணவிகளுக்கு அங்கே இலவசம். பிறகு பிரிஸ்பேனில் பெரிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமொன்றின் முதல் தலைவர், ஆஸ்திரேலிய மருத்துவ அறிவியல் அகாடமியின் முதல் தலைவர் என்று நாற்காலிகள் வந்தன. எனக்கென்னவோ அந்த 1991 உருண்டைகள்தான் சுவாரசியம்.

நம்ம ஊர்ப் பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 2009ல் கம்மம், வடோதராவில் நடந்த சோதனைத் திட்டத்தில் ஏழு சிறுமிகள் இறந்ததால் 2010ல் அது நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கும் ஊசிக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை என்றது விசாரணைக் குழு. ஆனால் பெற்றோரிடம் கேட்காமல் ஹாஸ்டல் வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதை மன்னிக்கவே முடியாது.

2020 கணக்குப்படி இந்தியாவில் ஒரே வருஷத்தில் இந்த நோய் வந்தவர்கள் 1,23,907 பேர், இறந்தவர்கள் 77,348. 2022ல் சீரம் நிறுவனத்தின் உள்நாட்டுத் தடுப்பூசிக்கும் அனுமதி கிடைத்துவிட்டது.

ஞாயித்துக்கிழமை அக்காவைக் கூப்பிட்டேன். "வெறும் கூடுதான்க்கா, உள்ள ஒண்ணும் இல்ல."

"உன் தலை மாதிரியா?" என்று சிரித்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சையே காணோம். "அத்தைக்கு வயித்துல கட்டின்னு சொன்னாங்களே, அது இதுதானாடா?"

"ஆமாக்கா."

பாப்பாவுக்கு வர்ற சனிக்கிழமை முதல் ஊசி.