புப்பா தேவியின் விரல்கள்

கம்போடியாவின் அரசுத் தலைவராயிருந்த நொரோதோம் சிகானூக் 1966ஆம் ஆண்டு 'அப்சரா' என்றொரு திரைப்படம் எடுத்தார். கதையும் இயக்கமும் அவருடையவையே. நாயகி அவருடைய மூத்த மகள். வயது முதிர்ந்த தளபதியாக நடித்தவர், மெய்யாகவே தளபதியும் அமைச்சருமாயிருந்த நியெக் தியூலோங். அரண்மனை நடனமங்கை ஒருத்தியைத் தளபதி மணக்கிறார். அவளோ இளம் விமானி ஒருவனை நேசிக்கிறாள். உண்மையறிந்த தளபதி விலகி வழிவிடுகிறார். கதை அவ்வளவுதான். நாட்டுக்கு ஆயிரம் கவலைகள் இருக்க, ஆள்பவர் படம் பிடித்துக்கொண்டிருக்கிறாரே என்ற முணுமுணுப்பு அன்றே எழுந்தது. அதில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். கலைப்படைப்பு என்ற அளவிலும் அதைப் பெரிதாகப் புகழ்வதற்கில்லை. ஆயினும் நாயகி ஆடத் தொடங்கும்போது குறைகளெல்லாம் மறந்துபோகின்றன.

அந்த நாயகிதான் இளவரசி நொரோதோம் புப்பா தேவி. 'புப்பா' வேறொன்றுமன்று, நம் 'புட்பம்' என்ற சொல்லே. 1943 சனவரி 8ஆம் நாள் பிறந்தார். தாய் அரண்மனை நடனக் குழுவைச் சேர்ந்தவர். பெற்றோர் பிரிந்தமையால் பாட்டியார் கொசமாக் அரசியின் அரவணைப்பில் வளர்ந்தார். ஐந்து வயதில் பயிற்சி தொடங்கியது. விரல்கள் பின்புறமாக வில்போல் வளையும்வரை நாள்தோறும் வளைத்துப் பழக்குவார்கள். பிஞ்சுக் கைகளுக்கு அது வேதனைதான். அந்தக் கையசைவுகளின் அரிச்சுவடியே ஒரு செடியின் வாழ்வு. தளிர்க்கொடி, இலை, மலர், கனி என ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை உண்டு. அவற்றைக் கோத்துத்தான் காதலையும் துயரையும் 'ரியாம்கேர்' என்று அவர்கள் வழங்கும் இராமகாதையையும் சொல்ல வேண்டும். மேடையேறுமுன் பட்டாடையை ஆடுபவரின் உடலோடு சேர்த்து நூலால் தைத்துவிடுவார்கள். ஆட்டம் முடிந்தபின் தையலைப் பிரித்தாக வேண்டும்.

இக்கலை நெடுங்காலம் அரண்மனைச் சுவர்களுக்குள்ளேயே இருந்தது. 1906ஆம் ஆண்டு சிசோவாத் மன்னர் தம் குழுவைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றபோது, சிற்பி ரோடின் அந்த நடனமாதர்மீது கொண்ட மோகத்தால் பாரிசிலிருந்து மார்சேய் வரை பின்தொடர்ந்து சென்று ஓவியங்களாகத் தீட்டிக் குவித்தார். ஆயினும் உலகம் அறியும் வடிவத்தை அதற்குத் தந்தவர் கொசமாக் அரசியே. நீண்ட ஆட்டங்களைச் சுருக்கினார்; அங்கோர் கோயில் சுவர்களில் கல்லாய் நிற்கும் அப்சரசுகளை முன்மாதிரியாகக் கொண்டு புதிய நடனம் ஒன்றை அமைத்தார். அதன் நடுநாயகமாக வெண்ணிற உடையில் ஆடியவர் பேத்தி புப்பா தேவி. பதினெட்டாம் வயதில் குழுவின் முதன்மை நடனமணி என்ற சிறப்பைப் பெற்றார்.

இந்தக் கலைக்கு ஏடு இல்லை. ஆசிரியரின் உடலிலிருந்து மாணவியின் உடலுக்குச் செல்வது தவிர அது தங்கியிருக்க வேறிடம் இருந்ததில்லை. பிற்பாடு நடந்தவற்றை இதை நினைவில் கொண்டே நோக்க வேண்டும்.

1970 மார்ச்சில் சிகானூக் பதவி கவிழ்க்கப்பட்டார். கொசமாக் அரசி சீனத் தலைநகரில் அடைக்கலம் புகுந்து 1975 ஏப்ரலில் அங்கேயே கண்மூடினார். புப்பா தேவியும் வெளிநாடு சென்று, பிரான்சில் வாழ்ந்தார். 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படையினர் நொம்பென் நகருக்குள் நுழைந்து மக்கள் அனைவரையும் வயல்வெளிகளுக்கு விரட்டினர். 1979 சனவரியில் அவ்வாட்சி வீழ்வதற்குள் கொலையாலும் பசியாலும் நோயாலும் மாண்டோர் ஏறத்தாழ 17 இலட்சம். நடனக் கலைஞருள் பத்தில் ஒன்பது பேர் அழிந்தனர் என மதிப்பிடப்படுகிறது. அவர்களுடைய உடல்களோடு அவ்வுடல்கள் மட்டுமே அறிந்திருந்த ஆட்டங்களும் மண்ணுக்குள் போயின.

தப்பியவர்களுள் சேயா சாமி என்ற மூதாட்டி ஒருவர். சிறுமியாகவே அரண்மனைக்கு வந்து ஆடிப் பழகியவர். அவர் கணவர் லோத் சுவோங். அக்கணவரின் தம்பியே போல் போட்! இளமையில் அண்ணன் வீட்டில் தங்கிப் படித்த அந்தப் பையன்தான் நாட்டை ஆட்டிப்படைப்பவன் என்பது இவர்களுக்குத் தெரியாது. மற்றவர்களைப்போல் வயலில் உழைத்துக் கிடந்தபோது, 1978இல் பொது உணவுக்கூடத்தில் மாட்டப்பட்ட தலைவரின் படத்தைக் கண்டே அறிந்தார்கள். அந்தக் கணத்தில் அம்மூதாட்டியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? ஆட்சி வீழ்ந்தபின் அவர் தலைநகர் திரும்பி, மீண்டும் திறக்கப்பட்ட கலைப்பள்ளியில் ஆசிரியையானார். உயிர்பிழைத்தவர்கள் சிலர் கூடி, ஒருவருக்கு நினைவிருந்த அடியோடு மற்றவருக்கு நினைவிருந்த கையசைவைப் பொருத்தி ஆட்டங்களை மீட்டார்கள். மாணாக்கருள் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர். சேயா சாமி 1994இல் மறையும்வரை கற்பித்தார்.

எல்லைக்கு அப்பால் தாய்லாந்து மண்ணில் அகதி முகாம்கள் பெருகியிருந்தன. புப்பா தேவி 1980களில் பாரிசிலிருந்து அங்கே வந்து முகாம் பிள்ளைகளுக்கு நடனம் பயிற்றுவித்தார். பொன்னும் பட்டும் உடுத்தி ஆடியவர், மூங்கில் கொட்டகைகளுக்கு நடுவே மண்தரையில் நின்று சிறு விரல்களை வளைத்துக் காட்டினார். அரசகுலத்தாரின் எல்லாச் செயல்களையும் நான் போற்றுபவனல்லன். ஆயினும் இந்த ஒன்றுக்குத் தலைவணங்குகிறேன்.

1991ஆம் ஆண்டு பாரிசில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தான பின் அவர் தாயகம் திரும்பினார். பண்பாட்டு அமைச்சராக 2004 வரை பணியாற்றினார். அவர் அமைச்சராயிருந்தபோதே, 2003இல், யுனெஸ்கோ நிறுவனம் கம்போடிய அரச நடனத்தை மனிதகுலத்தின் அரும்பெரும் மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது. தாம் ஆடுவதை நிறுத்திய பின்னும் ஒத்திகைக் கூடத்தை அவர் விடவில்லை.

2019 நவம்பர் 18 அன்று பாங்காக்கில் தம் 76ஆம் வயதில் காலமானார்.

தந்தையார் எடுத்த அந்தப் படத்தின் பிரதி இன்றும் இருக்கிறது. அதில் நாயகியின் பெயர் காந்தா புப்பா. 1952இல் நான்கு வயதில் நோயால் இறந்துபோன சிகானூக்கின் இன்னொரு மகளின் பெயர் அது. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு இருபத்து மூன்று வயது அக்காள் ஆடுகிறாள்; விரல்கள் தளிராகி, இலையாகி, மலராகிக் கனிகின்றன.