வண்ணமின்றி வரைந்த கைகள்

ஓவியம் என்றால் என்ன? வண்ணத்தைக் குழைத்துத் தூரிகையில் தோய்த்துத் தீட்டுவது என்போம். ஆனால், கோலில் வண்ணமே ஏந்தாமல் வரைந்து, கொதிக்கும் கொப்பரையில் அக்கோடுகளைச் சிவக்கச் செய்த ஓவியர்கள் நம் புதுவை மண்ணில் வாழ்ந்தனர். துணியில் தீட்டியதால் அவர்கள் சாயக்காரராயினர். கலை வரலாறு பேசும்போது அவர்களை நாம் மறந்தே போகிறோம்.

வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் வசமாகுமுன்பே, புதுவைத் துறைமுகத்திலிருந்து வண்ணத் துணிகள் கடல் கடந்தன. அவற்றின் கவர்ச்சி கண்டு அஞ்சிய பிரான்சு, உள்நாட்டு நெசவைக் காக்க 1686 முதல் 1759 வரை அத்துணிகளுக்குத் தடை விதித்திருந்தது. அரசையே அஞ்ச வைத்த அந்த வித்தைதான் என்ன?

வெளுத்த துணியைக் கடுக்காய்த்தூள் கலந்த எருமைப்பாலில் ஊறவைத்து உலர்த்தினர். தாளில் ஊசியால் துளையிட்ட வடிவத்தின் மீது கரித்தூளைத் தட்டிப் படத்தைத் துணியில் இறக்கினர். மூங்கில் கோலின் நுனிக்குமேல் சுற்றிய பஞ்சுருண்டை மையைத் தாங்கிற்று. விரல் அழுத்த அழுத்தக் கோடு ஓடிற்று. இரும்பு ஊறிய புளித்த நீர் கடுக்காய் பட்ட இடத்தில் கறுத்தது. சிவப்பு வேண்டிய இடத்திலோ படிகார நீர்! அதற்கு நிறமில்லை. போட்ட கோடு கண்ணுக்குத் தெரியவேண்டி அதில் சிறிது சப்பங்கச் சாறு கலந்தனர். பின்னர்ச் சாயவேர் இட்டுக் கொதிக்க வைத்தபோது, படிகாரம் பட்ட இடம் மட்டும் அழியாச் சிவப்பாயிற்று. நீலத்திற்கோ எதிர்முறை: நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி, அவுரித் தொட்டியில் தோய்த்தனர்.

இது தெய்வ அருளா? மந்திரமா? இல்லை. எந்தப் பொருள் எதனோடு சேர்ந்தால் என்ன விளையும் என்று தலைமுறை தலைமுறையாகச் சோதித்தறிந்த அறிவு. இரசாயனம் என்ற பெயரறியாமலே இரசாயனம் பயின்றவர் அவர்.

அந்த அறிவை எழுதி வைத்தவர் யார்? 1734 வாக்கில் பொலியூ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, புதுவையில் தம் கண்முன்னே ஒரு துணியைத் தீட்டச் செய்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு சேர்த்தார். அந்தச் சுவடி இன்று பாரிசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1742-இல் கேர்தூ என்னும் பாதிரியாரும் இம்முறையை விரிவாகக் கடிதத்தில் வரைந்தார். தடை நீங்கிய மறு ஆண்டே, 1760-இல், ஓபர்காம்ப் பிரான்சின் ழூயி என்னும் ஊரில் அச்சுத்துணி ஆலை தொடங்கினார். 1868-இல் சாயவேரின் சிவப்பு ஐரோப்பியச் சோதனைச்சாலையில் செயற்கையாகவே பிறந்தது. வேருக்கிருந்த சந்தை சரிந்தது.

பொலியூவின் பெயர் நிலைத்தது. அவருக்காகத் தீட்டிய கையின் பெயரோ தெரியவில்லை. ஏன்? எழுதத் தெரிந்தவர் கை கறைபடும் தொழிலை அணுகவில்லை. கறைபட்ட கைக்கு எழுத்தை யாரும் கொடுக்கவில்லை. பிறப்பால் தொழிலைப் பிரித்து, தொழிலால் மனிதனைத் தாழ்த்திய சமுதாயம் கொடுத்த விலை இது!

பழம்பெருமை பேசி மகிழ்வதால் மட்டும் இழந்தது மீளாது. இளைஞர்களே! வில்லியனூர்ச் சுடுமண் வேலையும் திருக்கனூர்க் காகிதக்கூழ் வேலையும் இன்று புவிசார் குறியீடு பெற்று நிற்கின்றன. குறியீடு ஊருக்குக் கிடைத்தது. செய்யும் கைகளின் அறிவு ஏட்டில் ஏறவேண்டாமா? குறிப்பேட்டோடு அவர்கள் முற்றத்திற்குச் செல்வோம். மண்ணின் பக்குவத்தையும் கூழின் அளவையும் கேட்டு எழுதுவோம். முதல் வரியாக, செய்தவர் பெயரை எழுதுவோம்.