நங்லா மாஞ்சியின் எழுத்துகள்: தில்லிக் குடிசைப் பகுதிகளின் கதைப் பட்டறைகளும் இருப்புக்கான சான்றும்

தில்லியின் கதைசொல்லல் வரலாறு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் எழுதப்படுகிறது. சர் சையது அகமது கான் 1847இல் வெளியிட்ட 'ஆசாருஸ் ஸனாதீத்' நூலில், ஜாமா மசூதியின் வடக்குப் படிக்கட்டில் மோடா போட்டு அமர்ந்து அமீர் ஹம்சாவின் கதையைச் சொல்லும் தாஸ்தான்கோ இடம்பெறுகிறார். 1857 எழுச்சிக்குப் பின் மசூதி ஆங்கிலேயர் வசமாகிறது. அதற்கும் செங்கோட்டைக்கும் இடையே நெருங்கியிருந்த கட்டடங்கள் தரைமட்டமாக்கப்படுகின்றன. கதை லக்னோவுக்குப் போய், நவல் கிஷோர் அச்சகத்தில் 46 பெருந்தொகுதிகளாக அச்சேறுகிறது. தில்லியின் கடைசித் தாஸ்தான்கோ என்று குறிக்கப்படும் மீர் பாகர் அலி, பாக்கு விற்றுப் பிழைக்கும் நிலைக்கு வந்து 1928இல் மறைகிறார். நெடிய இடைவெளிக்குப் பிறகு, 2005இல், உருது அறிஞர் ஷம்சுர் ரஹ்மான் பாரூக்கியின் தூண்டுதலால் மஹ்மூத் பாரூக்கி இக்கலையை மீண்டும் மேடையேற்றுகிறார்.

இவ்வரலாற்றில் பிழையில்லை. ஆனால் 1928க்கும் 2005க்கும் இடையில் இந்நகரில் கதை சொல்வோரே இல்லை என்ற தோற்றத்தை இது உண்டாக்கிவிடுகிறது. கலை வடிவம் ஒன்றின் வரலாறு, கதை சொல்லும் செயலின் வரலாறாக எடுத்துக்கொள்ளப்படுவதால் நேரும் மயக்கம் இது. தாஸ்தான்கோயி மீட்டெடுக்கப்பட்ட அதே ஆண்டுகளில், ஜாமா மசூதியிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் வேறொரு கதைப் பட்டறை நாள்தோறும் கூடிக்கொண்டிருந்தது. அதற்கு மேடையும் இல்லை, கட்டணச் சீட்டும் இல்லை.

லோக் நாயக் ஜெயப்பிரகாஷ் மருத்துவமனையை ஒட்டிய குடிசைப் பகுதியில் 2001ஆம் ஆண்டு அது தொடங்கியது. பெயர் 'சைபர் மொஹல்லா'. மாற்றுக் கல்விக்காக 1983 முதல் இயங்கிவரும் அங்குர் அமைப்பும், வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தின் சராய் பிரிவும் இணைந்து நடத்தியது. சில பழைய கணினிகள், கட்டற்ற மென்பொருள், ஒலிப்பதிவுக் கருவி, புகைப்படக் கருவி, இவ்வளவே முதலீடு. பங்கேற்றோர் பெரும்பாலும் அக்குடியிருப்புகளின் பதின்பருவத்தினரும் இருபதுகளில் இருந்தோரும்; பலர் பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர்கள். பின்னர் தெற்கு தில்லியின் தட்சிண்புரியிலும், யமுனைக் கரையில் பிரகதி மைதானத்தை அடுத்திருந்த நங்லா மாஞ்சியிலும் கூடங்கள் அமைந்தன. தட்சிண்புரியின் பிறப்பே கவனத்துக்குரியது. நெருக்கடிநிலைக் காலத்தில் நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடிசைவாசிகளைக் குடியேற்றிய மறுகுடியமர்வுப் பகுதிகளுள் அதுவும் ஒன்று.

பட்டறையின் நடைமுறை எளிது. நாள்தோறும் கூடுவர், எழுதுவர், எழுதியதை உரக்கப் படிப்பர், மற்றவர் கேட்டுக் கேள்வி எழுப்புவர், மீண்டும் எழுதுவர். எழுதுபொருள் மிகச் சிறியதாக இருக்கும்: ஒரு சந்து, இரவில் கேட்கும் ஓசை, தண்ணீர்க் குழாயடி, தேநீர்க் கடைப் பலகை. எழுதியவற்றுள் சில 'இபாரத்' என்ற சுவரிதழாகத் தெருவுக்கே திரும்பி வந்தன. 2002இல் 'கலியோன் ஸே' என்ற தொகுப்பும் வெளியானது.

இங்கே ஒரு தேர்வு நிகழ்ந்திருப்பதைக் காண வேண்டும். தொண்டு நிறுவனங்கள் ஏழைகளிடம் வழக்கமாகக் கேட்பது துயரக் கதை. எங்கிருந்து வந்தாய், எவ்வளவு சம்பாதிக்கிறாய், என்ன குறை என்ற கேள்விகளுக்கு விடையாக வரும் கதை அது. அரசின் கணக்கெடுப்புப் படிவத்துக்கும் அதற்கும் அமைப்பில் பெரிய வேறுபாடில்லை. இரண்டிலும் பேசுபவர் தகவல் தருபவர் மட்டுமே. சைபர் மொஹல்லாவின் எழுத்தாளர்கள் அந்த இடத்தில் நிற்க மறுத்தனர். தம் வறுமைக்குச் சாட்சி சொல்வதைவிட, தாம் வாழும் தெரு எவ்வாறு தெருவானது என்று சிந்திப்பதே அவர்களுடைய எழுத்தின் வேலையாக இருந்தது. கேட்போர் அதே தெருவினர் என்பதால் மிகைப்படுத்தலும் எளிதில் நடக்காது. நாட்டார் கதைசொல்லிக்கு எதிரே கதை தெரிந்த கூட்டம் அமர்ந்திருப்பதைப் போன்றதே இதுவும்.

இந்த எழுத்துமுறையின் கனம் 2006இல்தான் முழுமையாகப் புலப்பட்டது.

யமுனைப் படுகையிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு தில்லி உயர் நீதிமன்றம் 2003இல் ஆணையிட்டது. 2004இல் யமுனா புஷ்தாவின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக நகரம் தன்னைத் திருத்திக்கொண்டிருந்த காலம். நீதிமன்ற மொழியும் மாறியிருந்தது: பொது நிலத்தில் குடியேறியவருக்கு மாற்று இடம் தருவது ஜேப்படிக்காரனுக்குப் பரிசளிப்பதற்கு ஒப்பாகும் என்ற கருத்தை உச்ச நீதிமன்றமே 2000ஆம் ஆண்டின் அல்மித்ரா படேல் வழக்கில் வெளியிட்டிருந்தது. நங்லா மாஞ்சி 2006 மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை கட்டங்கட்டமாக இடித்துத் தீர்க்கப்பட்டது.

இடிப்புக்கு முன் வந்தது கணக்கெடுப்பு. கால்நூற்றாண்டு வாழ்ந்த வீடு இருக்கிறது என்பதற்கு வீடு சான்றாகாது, காகிதம் வேண்டும். வி.பி. சிங் ஆட்சிக்காலத்தில், 1990இல், குடிசைகளைக் கணக்கெடுத்து வழங்கிய வில்லை, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை ஆகியவையே காலத்தை அளக்கும் கோல்களாயின. 1990க்கு முன் குடியேறியதைக் காகிதத்தால் மெய்ப்பித்தோருக்கு 18 சதுர மீட்டர் மனை. 1990க்கும் 1998க்கும் இடைப்பட்டோருக்கு 12.5 சதுர மீட்டர். அதற்குப் பின் வந்தோருக்கும், காகிதத்தை எரியிலோ வெள்ளத்திலோ இழந்தோருக்கும் ஒன்றுமில்லை. மனை கிடைத்த இடமும் அருகிலில்லை. நகரின் வடமேற்கு விளிம்பில், அரியானா எல்லைப் பக்கம், 30 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சாவ்தா கேவ்ரா. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் நடந்தே போய்வந்தவர்களுக்கு அத்தொலைவு என்பது வேலையிழப்பு என்றே பொருள்படும். (தமிழ் வாசகர்க்கு இது அயலூர்க் கதையன்று. 2025 ஜூன் முதல் நாளில் இடிக்கப்பட்ட ஜங்புரா மதராஸி முகாமின் தமிழ்க் குடும்பங்களும் இதே தகுதிச் சோதனைக்குத்தான் ஆட்பட்டன. தேறியவர்க்கு நரேலாவில் குடியிருப்பு, தேறாதவர்க்கு ஏதுமில்லை.)

நங்லாவின் பட்டறை இந்த மாதங்களிலும் எழுதிக்கொண்டே இருந்தது. கணக்கெடுப்பாளர் சுவரில் இட்ட எண், பெட்டிகளைக் கவிழ்த்துக் காகிதம் தேடிய இரவுகள், வதந்திகள், இடித்தபின் மிஞ்சிய செங்கல் ஆகியன எழுத்தில் பதிந்தன. இவ்வெழுத்துகளோடு மற்றக் கூடங்களின் எழுத்தும் சேர்ந்து, 20 எழுத்தாளர்களின் தொகுப்பாக 'பஹுரூபியா ஷஹர்' 2007இல் இந்தியில் வெளிவந்தது. ஷ்வேதா சார்தாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 'டிரிக்ஸ்டர் சிட்டி' என்ற பெயரில் 2010இல் வந்தது.

வரலாற்று மாணவர்க்கு இத்தொகுப்பு எவ்வகைச் சான்று? எம்மா டார்லோ 2003இல் வெளியிட்ட 'அன்செட்லிங் மெமரீஸ்' இக்கேள்விக்குத் துணையாகும். நெருக்கடிநிலைக் காலத்தில் தில்லியின் மறுகுடியமர்வுப் பகுதியொன்றில் மனைக்கும் கருத்தடைச் சான்றிதழுக்கும் இடையே நடந்த பேரத்தை, அரசுக் கோப்புகளையும் மக்கள் நினைவுகளையும் எதிரெதிரே வைத்து அவர் ஆராய்ந்தார். கோப்பின் காகிதம் உண்மையைப் பதிவு செய்வதோடு நிற்பதில்லை; தான் பதிந்ததையே உண்மையாக்கும் வல்லமையும் அதற்குண்டு என்பது அந்நூல் தரும் தெளிவு. ஆனால் டார்லோவுக்குக் கிடைத்த மக்கள் குரல், நிகழ்ச்சி முடிந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளர் கேட்டதனால் எழுந்த குரல். நங்லாவின் எழுத்தோ நிகழ்ச்சி நடக்கும்போதே, யாரும் கேட்காமலே, ஏற்கெனவே சில ஆண்டுகள் எழுதிப் பழகிய கைகளால் எழுதப்பட்டது. இடிப்பு நாளில் ஒலிவாங்கியோடு வந்திறங்கும் செய்தியாளருக்கு ஓர் ஊரின் அழிவு கிடைக்கும். அழிந்தது எது என்பதைச் சொல்ல, அதற்கு முந்தைய சாதாரண நாள்களைப் பற்றிய எழுத்து வேண்டும். குழாயடியையும் தேநீர்க் கடையையும் பற்றி எழுதச் சொன்ன பட்டறை, தன்னை அறியாமலே அந்த ஆவணத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தது.

இதை மக்களின் தூய குரல் என்று கொண்டாடிவிடவும் கூடாது. எழுதியதைத் தேர்ந்தவர்கள் இருந்தார்கள், தொகுத்தவர்கள் இருந்தார்கள். இந்தி மூலத்தை அறியாமல் ஆங்கில வடிவை மட்டும் மேற்கோள் காட்டும் ஆய்வாளர், பேச்சுவழக்கின் உருது கலந்த நுட்பங்களை இழந்தே படிக்கிறார். ஒவ்வொரு படைப்பும் வட்டமாக அமர்ந்து கேட்டவர்களின் கேள்விகளால் திருத்தப்பட்டதால், ஆசிரியர் ஒருவர் என்பதும் முழு உண்மையன்று. இவை சான்றின் குறைகளல்ல. அரசுக் கோப்பையும் எழுத்தர், மேலாளர், அமீனா எனப் பல கைகள்தாம் உருவாக்குகின்றன. அதை யாரும் ஐயத்தோடு படிப்பதில்லை என்பதே வேறுபாடு.

கேவ்ராவுக்குப் பெயர்ந்த இளைஞர்களோடு பட்டறையும் பெயர்ந்தது. அங்கே அமையவேண்டிய கூடத்துக்காக, நிக்கோலாஸ் ஹிர்ஷ், மிஷெல் முல்லர் என்னும் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர்கள் அவர்களோடு பேசிப்பேசி வரைபடம் வகுத்தனர். அவ்வுரையாடல்கள் 2012இல் நூலாயின. மாதிரி வடிவம் ஐரோப்பியக் கலைக் கண்காட்சிகளில் பார்வைக்கு வைக்கப்பட்டது. கேவ்ராவில் அப்போது சந்துகளுக்குப் பெயர் இல்லை. மனைகளுக்குத் தொகுதி எழுத்தும் எண்ணும் மட்டுமே இருந்தன. பட்டறை அங்கிருந்து மறுபடி எழுதத் தொடங்கியது.