சுவருக்கு வெளியே ஒரு கூடம்



வீட்டின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ உள்ள சிறு நிலத்தில் கூரை அமைத்து, நாற்காலிகள் இட்டு, பூச்செடிகள் வைத்து, மாலைப்பொழுதைக் கழிக்கும் இடமாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பது இன்று மலேசியக் குடும்பங்கள் பலவற்றின் விருப்பம். மரச்சாமான் கடைகள் இதற்கெனத் தனிப்பகுதியே வைத்துள்ளன. இது மேலைநாட்டிலிருந்து அண்மையில் வந்த பழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. மலாய்க்காரர், சீனர், தமிழர், ஆங்கிலேயர் என இந்நாட்டில் வாழ்ந்த அனைவரும் தம் நாளின் பெரும்பகுதியைச் சுவருக்கு வெளியேதான் கழித்தனர். அந்த இடத்தை அவர்கள் எவ்வாறு அமைத்தனர் என்பதை அறிந்துகொண்டால், நம் கொல்லைப்புறத்தை எவ்வாறு அமைப்பது என்பதும் தானே விளங்கும்.

மலாய் வீட்டின் செராம்பி

மரக்கால்களின்மேல் உயர்த்திக் கட்டப்பட்ட மலாய் வீட்டில் படியேறியதும் முதலில் வருவது செராம்பி. இது வீட்டின் முன்புறத் தாழ்வாரம். வீட்டின் நடுப்பகுதியாகிய ‘ரூமா ஈபு’வைவிடச் செராம்பியின் தளம் பொதுவாகச் சற்றுத் தாழ்ந்திருக்கும். விருந்தினர் எதுவரை வரலாம், எங்கே அமரலாம் என்பதை அந்தச் சிறு உயர வேறுபாடே உணர்த்திவிடும். கதவு, திரை எதுவும் வேண்டியதில்லை.

இங்கே நாற்காலி இல்லை, பாய்தான் இருக்கை. பலகைகளுக்கு இடையே விடப்பட்ட இடைவெளி வழியாகக் கீழிருந்து காற்று மேலே வரும். செங்குத்தாகச் சரிந்து நீண்டு இறங்கும் அத்தாப்புக் கூரை வெயிலையும் சாரலையும் தடுக்கும். வீட்டின் அடிப்பகுதியோ நிழலான வேலைக்களம். கெடாவிலிருந்து பெயர்த்து எடுத்துவரப்பட்டு, கோலாலம்பூர் ஸ்தோனர் சாலையில் மீண்டும் எழுப்பப்பட்ட பெங்ஹூலு அபு செமான் வீட்டில் இவ்வமைப்பைக் காணலாம். தளத்தை உயர்த்துதல், கூரையை நீட்டுதல், காற்றுக்கு வழிவிடுதல் ஆகிய மூன்றும் இந்த வீடு நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம்.

துரை பங்களாவின் வராந்தா

‘பங்களா’ வங்காளத்து வீட்டைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. ‘வராந்தா’ இந்தியாவின் வழியாக ஆங்கிலத்துள் புகுந்த சொல். ஆங்கிலேயர் தம் நாட்டு வீட்டை இங்கே அப்படியே கட்டியிருந்தால் வெப்பத்தில் வெந்திருப்பர். அதனால் வங்காளத்திலும் மலாய் நிலத்திலும் கண்டதைக் கலந்து, சுற்றிலும் அகன்ற வராந்தா வைத்த வீடுகளைக் கட்டிக்கொண்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் எழுந்த கறுப்பு வெள்ளைப் பங்களாக்கள் இவ்வகையின் பிற்கால வடிவம்.

வெளியிடத்திற்கென்றே தனிச் சாமான்கள் செய்யும் வழக்கத்தை இந்த வராந்தாவில் தெளிவாகக் காண்கிறோம். பிரம்பு நாற்காலி, காலை நீட்டி வைக்க ஏதுவாக நீண்ட கைகள் கொண்ட சாய்வு நாற்காலி, வெயிலுக்கேற்ப ஏற்றி இறக்கும் மூங்கில் தட்டி ஆகியவை அங்கே இடம்பெற்றன. பிரம்பு எடை குறைந்தது. காற்றை உள்ளே விடுவது. வியர்வையில் நனைந்த முதுகுக்கு ஏற்றது. ஆனால் மழையில் நனைந்தால் பூஞ்சை பிடித்துக் கெட்டுவிடும். அதனால்தான் அதனைக் கூரைக்கு அடியில் மட்டுமே வைத்தனர்.

நகரத்தின் அஞ்சடி

நகரத்துக் கடைவீட்டில் கொல்லைக்கு இடம் ஏது? அங்கே வீட்டின் வெளிக்கூடம் தெருவோரமாகவே அமைந்தது. 1822ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நகர அமைப்புக்கு ஸ்டாம்போர்டு ராஃபிள்ஸ் வகுத்தளித்த விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு வீட்டின் முன்னும் குறிப்பிட்ட அகலமுள்ள கூரையிட்ட நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது. இதையே மலாய்மொழியில் ‘காக்கி லீமா’ என்றும், நம்மவர் ‘அஞ்சடி’ என்றும் அழைத்தனர். பினாங்கு, மலாக்கா, ஈப்போ, கோலாலம்பூர் என எங்கும் இவ்வமைப்பைக் காணலாம்.

நடப்பதற்கென்று கட்டப்பட்ட இந்த இடம் விரைவிலேயே வாழும் இடமாயிற்று. முடி திருத்துவோர், பூக்கட்டுவோர், நாணயம் மாற்றுவோர், கிளி சோதிடர் ஆகியோர் அஞ்சடியையே தம் கடையாக்கிக்கொண்டனர். சரக்குகளை அகற்றி நடைவழியைத் திறந்துவிட நகராண்மை முனைந்தபோது, 1888 பிப்ரவரியில் சிங்கப்பூரில் கடையடைப்பும் கலவரமும் மூண்டன. ‘வராந்தாக் கலவரம்’ என்றே வரலாறு அதனைக் குறிப்பிடுகின்றது. ஐந்தடி நிழலுக்காக ஒரு நகரமே கொந்தளித்தது என்றால், அந்த நிழல் மக்களுக்கு எவ்வளவு இன்றியமையாததாக இருந்திருக்க வேண்டும்!

லயத்து வாசல்

இனி நம் முன்னோரின் வீட்டுக்கு வருவோம். தோட்டத்து லயம் என்பது நீண்ட ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த அறைகள். ஒரு குடும்பத்திற்கு ஓர் அறை. அதன்முன் சிறு தாழ்வாரம். தொடக்கக் கால லயங்கள் பலவற்றில் அடுப்பும் அந்தத் தாழ்வாரத்தில்தான் எரிந்தது. அப்பா, அம்மா, பாட்டி, நான்கைந்து பிள்ளைகள் எல்லாரும் அந்த அறைக்குள் படுக்கலாம், வாழ முடியாது. ஆகவே வாழ்க்கை வாசலுக்கு வந்தது.

அந்த வாசலுக்கு யாரும் விலைகொடுத்து மரச்சாமான் வாங்கவில்லை. கிடைத்த பலகையை இரண்டு கட்டைகளின்மேல் அறைந்தால் விசுப்பலகை. அரைப்பதற்கு ஓர் அம்மி, விரிப்பதற்கு ஒரு கோரைப்பாய், ஏற்றுவதற்கு ஓர் அரிக்கன் விளக்கு. பின்புறத்தில் முருங்கை, கறிவேப்பிலை, வாழை, துளசி. பால்மரம் சீவிவிட்டு வந்தவர்கள் மாலையில் அங்கேதான் களைப்பாறினர். பேன் பார்ப்பதும் கடிதம் படித்துக் காட்டுவதும் திருமணம் பேசுவதும் வழக்குத் தீர்ப்பதும் அங்கேதான். பள்ளிக்கெனத் தனிக் கட்டடம் இல்லாத காலத்தில், கொட்டகையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகள் அகரம் எழுதிய வரலாற்றையும் நாம் அறிவோம். தமிழகத்துத் திண்ணைப் பள்ளிக்கு இது தூரத்து உறவு.

இதை ஏழ்மையின் அழகு என்று போற்றுவது எனது நோக்கமன்று. ஓர் அறையில் ஒரு குடும்பத்தை அடைத்தது அநீதியே. ஆனால் அந்த அநீதிக்கு நம் மக்கள் கண்ட விடைதான் லயத்து வாசல்.

கொசுவும் கால்வாயும்

வெளியிடத்தில் அமர நினைப்போர் மறக்கக்கூடாத இன்னொரு வரலாறும் உண்டு. 1901இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், அங்கும் அதே ஆண்டில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) மலேரியாக் காய்ச்சல் மக்களைச் சூறையாடுவதைக் கண்டார். சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி நீரை வெளியேற்றவே நோய் பெரிதும் தணிந்தது.

ஆனால் மலைச்சரிவுத் தோட்டங்களில் காடழித்தபோது நிலைமை நேர்மாறாயிற்று. அங்கு மலேரியாவைப் பரப்பிய கொசு, வெயில்படும் தெளிந்த ஓடைகளில் பெருகும் இனத்தைச் சேர்ந்தது. ஓடைமேல் நிழல் செய்த மரங்களை வெட்டியது அதற்கு வாழ்வளித்தது போலாயிற்று. நிலத்தடிக் குழாய்களில் நீரைச் செலுத்தியும் எண்ணெய் தெளித்தும் அதனைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. ஒரே மருந்து எல்லா நிலத்திற்கும் பொருந்தாது. முதலில் நீர் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அன்று பல உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம்.

இன்று நம் அச்சம் டிங்கிக் காய்ச்சல். ஏடிஸ் கொசு தேங்கி நிற்கும் நீரில் முட்டையிடும். ஒரு வாரம் அளவிலேயே முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். பூச்சட்டியின் அடித்தட்டு ஒன்றே போதும்.

தாமானும் அடுக்குமாடியும்

1970களுக்குப் பின் வரிசை வீடுகள் கொண்ட தாமான்கள் பெருகின. முன்னால் கார் நிறுத்துமிடம், பின்னால் சிறு கொல்லை, அதனையொட்டிப் பின்சந்து. நம் குடும்பங்கள் பல அங்கே குடிபுகுந்ததும் செய்த முதல் வேலை, கொல்லையைச் சிமெண்டால் மூடிச் சமையலறையை நீட்டியதுதான். முருங்கை நின்ற இடத்தில் சலவை இயந்திரம் நின்றது. மாலையில் வெளியே வந்து அமர்வதற்கு இடமும் இல்லை, காரணமும் இல்லாமற்போயிற்று.

தோட்டங்கள் கூறுபோடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாற்றப்பட்டும் வந்த காலத்தில் வெளியேறியவர்களுள் பலர் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குச் சென்றனர். அவர்களுக்கு அந்தச் சிறு கொல்லையும் இல்லை. வாழ்நாள் முழுதும் வாசலில் அமர்ந்து பழகிய ஒரு மூதாட்டி நான்காம் மாடியில் அடைபட்டால், அவர் இழப்பது காற்றை மட்டுமன்று; பேச்சுத்துணையையும்தான். சிங்கப்பூரில் 1970களில் பரவலான அடுக்குமாடித் திறந்த கீழ்த்தளம் இந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்தது. திருமணமும் இறுதிச்சடங்கும் முதியோரின் சதுரங்கமும் அங்கே இடம்பெற்றன.

வரலாறு தரும் திட்டம்

இந்த வரலாற்றை மனத்தில் வைத்து, கொல்லைப்புறத்தை அமைக்க விரும்புவோர் கீழ்க்கண்டவற்றைக் கருதலாம்.

1. நிழல்: மாலைவேளையில் அமரும் இடமாதலால் மேற்கு வெயிலே நமக்குப் பகை. மேற்குப்புறத்தில் மூங்கில் தட்டியோ கொடிப்பந்தலோ மரமோ இருக்கட்டும். கூரை ஐந்தடிக்குக் குறைந்தால் சாரலைத் தாங்காது. எட்டடி இருந்தால் நன்று.

2. நீர்: கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. தளத்தைச் சுற்றியுள்ள மண்ணைவிடச் சற்று உயர்த்துங்கள். வீட்டிலிருந்து கால்வாய் நோக்கிப் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு கொடுங்கள். சட்டிகளின் அடித்தட்டுகளை நீக்கிவிடுங்கள். நிலம் முழுவதையும் மூடாமல், மழைநீரை உறிஞ்ச ஒரு பகுதியை மண்ணாகவே விடுங்கள்.

3. காற்று: மூன்று பக்கமும் சுவர் எழுப்பினால் அது இன்னோர் அறையாகிவிடும். எதிரெதிரே இரண்டு பக்கங்களாவது திறந்திருக்க வேண்டும்.

4. சாமான்கள்: வெயிலிலும் மழையிலும் கிடக்க வேண்டியவை செங்கால், பலாவ் போன்ற வன்மரங்களில் இருக்கட்டும். பிரம்பு கூரைக்கு அடியில் மட்டும். இரப்பர் மரத்தைப் பற்றி ஒரு சொல்: நம் முன்னோர் பால் சீவிய அந்த மரம், ஒருகாலத்தில் விறகாக எரிக்கப்பட்டது. பதப்படுத்தும் முறைகள் வளர்ந்தபின், 1980கள் முதல் நாட்டின் மரச்சாமான் ஏற்றுமதியில் அது முதன்மை பெற்றது. ஆயினும் ஈரத்தில் பூஞ்சையும் வண்டும் அதனைத் தின்றுவிடும். அதனைக் கூடத்துக்குள் வைத்துப் போற்றுங்கள், கொல்லையில் போடாதீர்கள்.

5. அளவு: நால்வர் மேசையைச் சுற்றி அமரப் பத்தடிக்குப் பத்தடி போதும். கூரை போடுமுன் நகராண்மைக் கழகத்தின் அனுமதியைப் பெற மறவாதீர்கள்.

6. ஆள்: இதுவே தலையாயது. வீட்டில் உள்ளோர் எண்ணிக்கைக்கு மேல் ஓர் இருக்கை கூடுதலாக இருக்கட்டும். பாய்க்கு எண்ணிக்கை கிடையாது. வந்தவர் நகர்ந்து இடம் கொடுப்பார். நாற்காலியோ எண்ணிக்கைக்கு உட்பட்டது. அண்டை வீட்டாருக்கு ஒன்று போட்டு வைத்தால்தான் அவர் வருவார்.

அடுக்குமாடியில் வாழ்வோர், நடைவழியை அடைக்காமல், கட்டடத்தின் கீழே நிழலான ஓரிடத்தில் நீள்பலகை ஒன்றை அமைக்கும்படி தம் நிர்வாகக் குழுவைக் கேட்கலாம். அதற்கு ஆகும் செலவு சிறிது. அதனால் தனிமை நீங்கும் முதியோர் பலர்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு பணி. தோட்டத்தில் வாழ்ந்த உங்கள் தாத்தா பாட்டியிடம், மாலையில் அவர்கள் எங்கே அமர்ந்தார்கள், எதன்மேல் அமர்ந்தார்கள், அருகில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் படமாக வரைந்து, இடங்களுக்குப் பெயரிட்டு வைத்துக்கொள்ளுங்கள். லயங்கள் பல இன்று இல்லை. அவற்றின் வரைபடம் அவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றது.