ஆசிரியருக்கு ஆசிரியர்: திருச்செங்கோட்டு வட்டாரத்தை முன்வைத்து ஒரு விவாதம்

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கும் விசைத்தறிக்கும் பேர்போன திருச்செங்கோட்டில் 1990களுக்குப் பிறகு கல்லூரிப் பேருந்துகளும் பெருகின. பொறியியல், செவிலியம், கலை அறிவியல் என்று விரிந்த வளாகங்களுக்குள் கல்வியியல் கல்லூரியும் ஒரு கட்டடமாக நுழைந்தது. பழைய திருச்செங்கோடு வட்டத்தில் இருந்த குமாரபாளையத்தில் அரசுக் கல்வியியல் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டில் அத்தகைய அரசுக் கல்லூரிகள் ஏழே ஏழு. மற்றபடி இங்கே பி.எட். என்றால் பெரும்பாலும் சுயநிதிக் கல்லூரிதான். நாடு முழுக்க இதே கதை. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் ஏறத்தாழ தொண்ணூறு விழுக்காடு தனியார் கையில் இருப்பதாக நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012-ல் உச்ச நீதிமன்றத்திடம் சொன்னது.

பி.எட். மாணவர்களைப் பற்றி நம்மிடம் ஆய்வேடுகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களுடைய மனப்பான்மை, மன அழுத்தம், கணினித் திறன் எல்லாம் அளக்கப்பட்டுவிட்டன. அவர்களுக்கு வகுப்பெடுப்பவர் யார், எங்கிருந்து வந்தார், எதில் அவருக்கு ஈடுபாடு என்ற கேள்விதான் அளவுகோலுக்குள் வராமல் நிற்கிறது. அளப்பவரே அவராக இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தக் கேள்விக்கு விடை தேட முதலில் புரட்ட வேண்டியது விதிப்புத்தகம். தேசிய ஆசிரியர் கல்வி மன்றத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கின. ஐம்பது பேர் கொண்ட இரண்டு பிரிவுகள், இரண்டாண்டுகளுக்குமாக 200 மாணவர்கள். அவர்களுக்கு 16 முழுநேர ஆசிரியர்கள். முதல்வரைத் தவிர்த்தால் கல்விக் கோட்பாடுகளுக்கு நால்வர், பாடம் கற்பிக்கும் முறைகளுக்கு எண்மர், உடற்கல்விக்கும் நுண்கலைக்கும் நிகழ்த்துகலைக்கும் ஒவ்வொருவர். கோட்பாட்டுக்கும் கற்பிக்கும் முறைக்கும் வருபவர்களுக்கு அடிப்படைத் தகுதி, 55 விழுக்காட்டு மதிப்பெண்ணோடு ஒரு முதுகலைப் பட்டமும் அதே அளவு மதிப்பெண்ணோடு எம்.எட். பட்டமும். கல்வியியலில் முனைவர் பட்டம் இருந்தால் நல்லது. முதல்வருக்கு முனைவர் பட்டம் கட்டாயம். கூடவே எட்டாண்டு கற்பித்தல் அனுபவமும் வேண்டும். எங்கே கற்பித்த அனுபவம்? ஆசிரியர் கல்வி நிறுவனத்தில்.

பள்ளிக்கூடம் இந்தப் பட்டியலில் ஒரே ஓர் இடத்தில் தலைகாட்டுகிறது. சமூகவியல், உளவியல், தத்துவம் ஆகியவற்றுள் ஒன்றில் முதுகலையும் பி.எட்.டும் முடித்து, எம்.எட். இல்லாதவர்களை இரண்டு இடங்களில் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது ஒரு குறிப்பு. அவர்களுக்கு மட்டும் உயர்நிலைப் பள்ளியில் மூன்றாண்டு பாடம் நடத்திய அனுபவம் வேண்டுமாம். எம்.எட். படித்தவருக்கு அந்த மூன்றாண்டு தேவையில்லை. பள்ளி அனுபவம் இங்கே குறைந்துபோன பட்டத்துக்கு ஈடாக வைக்கப்படும் பொருள், அவ்வளவுதான்.

விதியின் இந்த அமைப்பு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். பட்டம், முதுகலை, பி.எட்., எம்.எட். என்று இடைவெளியில்லாமல் படித்து வரும் ஒருவர், பி.எட்.டின் முதலாண்டில் நான்கு வாரமும் இரண்டாமாண்டில் பதினாறு வாரமும் பள்ளியில் பயிற்சி எடுத்திருப்பார். எம்.எட். சேர்வதற்குப் பள்ளி அனுபவம் கேட்பதில்லை. ஆக, மாணவராக உட்கார்ந்திருந்த காலத்தைத் தள்ளிவிட்டால், பள்ளிக்கூடத்தோடு இருபதே வாரப் பழக்கம் உள்ள ஒருவர், நாற்பது ஆண்டு பள்ளியில் நிற்கப்போகிறவருக்கு அங்கே எப்படி நிற்பது என்று சொல்லித்தரலாம். சட்டப்படி இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இது ஒருவர் திட்டமிட்டுச் செய்த கேடு இல்லை. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக்குழு, ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் பல்கலைக்கழகத்திலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் ஒன்றிலிருந்து ஒன்றும் விலகிக் கிடப்பதைக் கடிந்துகொண்டது. பயிற்சிக் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பாடத்தில் ஒன்றும் கல்வியியலில் ஒன்றுமாக இரட்டை முதுகலை வேண்டும் என்றது. உளவியல், சமூகவியல், அறிவியல், கணிதம் போன்ற துறை வல்லுநர்களைப் பயிற்சிப் பட்டம் இல்லாவிட்டாலும் சேர்க்கலாம் என்றது. விலகலுக்கு மருந்தாகச் சொல்லப்பட்ட பட்டங்கள் விதியில் ஏறி உட்கார்ந்துகொண்டன. விலகல் அப்படியே இருக்கிறது. பட்டத்தைச் சான்றிதழில் சரிபார்த்துவிடலாம், பள்ளியோடுள்ள உறவைச் சரிபார்க்க எந்த ஆய்வுக்குழுவிடமும் படிவம் இல்லை.

மறுபக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு வாழ்க்கை இருக்கிறது. ந. சுப்பு ரெட்டியாரைத் தமிழுலகம் வைணவ அறிஞராக அறியும். அவர் வேதியியல் பட்டதாரி. துறையூரில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக ஏறத்தாழ ஒன்பதாண்டு இருந்தார். அதன் பிறகே காரைக்குடி அழகப்பர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போய் பத்தாண்டு ஆசிரியர்களை உருவாக்கினார். 1960-ல் திருப்பதிப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைக்குச் சென்றார். அவர் எழுதிய ‘தமிழ் பயிற்றும் முறை’ 1957-ல் வந்தது. தமிழாசிரியர் பயிற்சிக்குத் தமிழிலேயே விரிவாக எழுதப்பட்ட நூல்களில் முன்னோடியான அதைப் பல தலைமுறை மாணவர்கள் புரட்டியிருக்கிறார்கள். அதோடு நிற்காமல் ‘அறிவியல் பயிற்றும் முறை’யும் எழுதினார். வானொலி, அணு என்று இளைஞர்களுக்கு அறிவியல் நூல்கள் எழுதிய அதே கைதான் ஆழ்வார்களைப் பற்றியும் எழுதிக் குவித்தது.

சுப்பு ரெட்டியாரை நான் இங்கே கொண்டுவருவது புகழ்வதற்காக மட்டும் இல்லை. இன்றைய விதிப்படி ஒருவருடைய துறையும் ஈடுபாடும் ஒரே கோட்டில் போக வேண்டும். அவர் காலத்தில் அப்படி ஒரு கோடு இருக்கவில்லை. வேதியியலிலிருந்து தமிழுக்கு வந்தவர் என்பதால் ஒரு பாடம் மற்றொன்றிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பது அவருக்கு அனுபவமாகத் தெரிந்திருந்தது. பாடப்பொருள் அறிவும் கற்பிக்கும் அறிவும் கலந்து பிறக்கும் தனி அறிவு ஒன்று ஆசிரியருக்கு உண்டு என்று அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-ல் எழுதினார், இன்று எம்.எட். வகுப்பில் அவர் பெயர் சொல்லாமல் தேர்வு எழுத முடியாது. ஷுல்மன் அதற்குப் பெயர் வைப்பதற்கு முப்பது ஆண்டு முன்பே காரைக்குடியில் அந்த அறிவோடு ஒருவர் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். இன்றைய கல்வியியல் மாணவர்களுக்கு ஷுல்மன் பெயர் தெரியும், சுப்பு ரெட்டியார் பெயர் தெரியாது. பள்ளியிலிருந்து வந்தவர் அவர் மட்டும் இல்லை. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயியும் தத்துவப் பேராசிரியராவதற்கு முன் ஆயில் சிட்டி என்ற ஊரில் இரண்டாண்டு உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான்.

இன்றைய ஈடுபாடுகளுக்கு வருவோம். ஒருவருடைய ஆர்வத்தை அவர் வழிகாட்டும் ஆய்வேட்டில் பார்க்கலாம். எம்.எட். ஆய்வேடுகளின் தலைப்புகளைப் படித்தவர்களுக்கு அச்சு தெரியும்: இன்ன மாவட்டத்து மேல்நிலை மாணவர்களின் இன்ன மனப்பான்மைக்கும் கல்வி அடைவுக்கும் உள்ள தொடர்பு. முன்னூறு பேரிடம் வினாத்தாள், ஆண் பெண், அரசு தனியார், கிராமம் நகரம் என்று பிரிப்பு, டி-சோதனை, கடைசியில் முக்கிய வேறுபாடு இல்லை என்ற முடிவு. கிராமம், நகரம் என்ற அந்தப் பிரிவைத் திருச்செங்கோட்டுக்குள் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். இரவும் பகலும் தறி ஓடும் ஊராட்சி கிராமமா? அப்பா ரிக் வண்டியோடு வடமாநிலத்தில் மாதக்கணக்கில் இருக்க, அம்மாயி வீட்டில் தங்கி அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளையை எந்தக் கட்டத்தில் போடுவது? வினாத்தாளில் டிக் அடிக்க அந்தப் பிள்ளைக்கு ஓர் இடம் இருக்கும். அவன் வாழ்க்கை மட்டும் ஆய்வேட்டுக்குள் வராது.

பாடக்குறிப்பிலும் இதுதான் நடக்கிறது. பி.எட். மாணவர் எழுதும் ரெக்கார்டு நோட்டில் நோக்கம், ஆசிரியர் செயல், மாணவர் செயல், துணைக்கருவி, மதிப்பீடு எல்லாம் கட்டம் கட்டமாக வரும். செய்முறைத் தேர்வுக் கமிஷன் வரும் நாளுக்குச் சார்ட் பளபளவென்று தயாராகும். அந்த நோட்டில் ஊர்ப் பேச்சுக்குக் கட்டம் இல்லை. ஓணானைப் பற்றிப் பாடம் நடக்கும்போது பிள்ளை ஒடக்கான் என்கிறது. பயிற்சி ஆசிரியர் திருத்துகிறார். கொல்லைப்புறம் என்ற சொல் வரும்போது பிள்ளை பொடக்காலி என்கிறது, அதையும் திருத்துகிறார். திருத்துவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு சொல்லையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போட்டால் அங்கே ஒரு மொழிப்பாடம் பிறக்கிறது. அதைச் செய்யலாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் இல்லை. கொங்குச் சொற்களைத் தொகுத்து 2000-ல் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யை வெளியிட்ட பெருமாள்முருகன் திருச்செங்கோட்டுப் பக்கத்தைச் சேர்ந்தவர், தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றியவர். அந்த வேலை தமிழ்த் துறையிலிருந்து வந்தது. தமிழ் கற்பிக்கும் முறையை நடத்தும் ஒருவரின் மேசையில் அந்த அகராதி இருக்க வேண்டாமா?

கணக்குக்கு இதைவிட நல்ல சரக்கு இங்கே கிடக்கிறது. பத்தாம் வகுப்பின் முதல் பாடம் உறவுகளும் சார்புகளும். மாணவர்கள் திணறும் பாடம். போர் போடும் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று ரிக் வேலைக்குப் போய் வந்த எவரையும் கேளுங்கள். குறிப்பிட்ட ஆழம் வரை அடிக்கு ஒரு ரேட். அதற்குக் கீழே போகப் போக நூறு அடிக்கு ஒருமுறை ரேட் ஏறும். கேசிங் பைப்புக்குத் தனி. ஆழத்தை ஓர் அச்சிலும் தொகையை மற்றோர் அச்சிலும் வைத்துக் கோடு வரைந்தால் கோடு ஒவ்வொரு நூறடியிலும் மடங்கி மேலும் செங்குத்தாக ஏறும். துண்டு துண்டாக வரையறுத்த சார்பு என்று புத்தகம் பயமுறுத்துவது இதைத்தான். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் இந்தக் கணக்கு பேச்சுவாக்கில் நடக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். பள்ளியில் பல்லாண்டு இருந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே திரும்பத் திரும்ப நடத்தும் வழக்கம் இங்கே வேரூன்றியிருந்தது. அதை உடைக்கத்தான் 2017-18-ல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. அப்படிப்பட்ட பள்ளியில் பத்தாண்டு இருந்தவர் பயிற்சிக் கல்லூரிக்கு வந்தால் எதைக் கொண்டுவருவார்? ப்ளூபிரிண்ட்டையும் முக்கிய வினாக்களையும்தான். ஆகவே பள்ளி அனுபவம் கட்டாயம் என்பதோடு நின்றுவிட முடியாது. அந்த அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுதவும் சக ஆசிரியர்கள் முன் வைத்துப் பேசவும் இடம் வேண்டும். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி வளாகத்தில் மாதிரிப் பள்ளி ஒன்று நடக்கிறது. டூயி 1896-ல் சிகாகோவில் தொடங்கிய பள்ளியும் அதே எண்ணத்தில் வந்தது: ஆசிரியர்களை உருவாக்குபவர் தினமும் பிள்ளைகள் முகத்தில் விழிக்க வேண்டும். சுயநிதிக் கல்வியியல் கல்லூரிகள் பலவற்றுக்கு அதே அறக்கட்டளையின் பள்ளி அடுத்த கட்டடத்திலேயே இருக்கிறது. பேராசிரியர்கள் வாரத்துக்கு நான்கு பாடவேளை அங்கே போய் நடத்தப் பணமும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம்.

எனக்கு இந்த ஆசிரியர்கள் மீது மனத்தாங்கல் இல்லை. இந்த வட்டாரக் கல்வியியல் கல்லூரிகளில் பணிபுரிபவர்களில் பெண்கள் கணிசம். தறிக்காரர் வீட்டிலிருந்தும் காட்டு வேலைக்காரர் வீட்டிலிருந்தும் முதல் பட்டம் வாங்கி வந்தவர்கள் அவர்களில் பலர். வீட்டுக்குப் பக்கத்தில், குடும்பம் ஒத்துக்கொள்ளும் வேலை என்று இதற்கு வந்தவர்கள். சம்பளமும் பெரிதாக ஒன்றும் இல்லை. தார் சுற்றவும் அறுந்த பாவு நூலைப் பிணைக்கவும் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்ட ஒருவருக்கு, சொல்லாமல் செய்துகாட்டிக் கற்பிப்பது என்றால் என்னவென்று கை அறியும். அந்த அறிவைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார். முதுகலைச் சான்றிதழோடு உள்ளே வரும்போது அதை வாசலில் விட்டுவிட்டு வரும்படி துறை அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. பின்புலம் குறை என்று பலரும் பேசுவதை நான் ஏற்பதில்லை. பின்புலம் நிறைய இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

தொழிலையும் கல்வியையும் இணைக்கும் பேச்சு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. இராஜாஜி 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். காந்தியின் எண்ணத்தில் 1937-ல் உருவான வார்தா ஆதாரக் கல்வி, ஆசிரியருக்கு ஒரு கைத்தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்றது. அதே இராஜாஜி 1953-ல் அரை நாள் பள்ளித் திட்டம் கொண்டுவந்தபோது அது குலக்கல்வி என்ற பெயர் வாங்கி அடுத்த ஆண்டே போனது, போக வேண்டியதுதான். பிள்ளையைப் பரம்பரைத் தொழிலுக்குத் திருப்பி அனுப்புவதும், அந்தத் தொழிலுக்குள் இருக்கும் கணக்கையும் மொழியையும் ஆசிரியர் அறிந்திருப்பதும் ஒன்றல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டதால் தொழில் என்ற சொல்லே நம் கல்வியியல் துறைகளில் தீட்டாகிவிட்டது.

2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, கல்வியியல் துறை ஆசிரியர்கள் பல பின்புலங்களிலிருந்து வர வேண்டும் என்றும், கற்பித்த அனுபவத்துக்கும் களப்பணிக்கும் ஆய்வுக்கும் மிகுந்த மதிப்புத் தரப்படும் என்றும் சொல்கிறது. அந்தக் கொள்கையின் மற்றப் பகுதிகளோடு தமிழ்நாட்டுக்கு உள்ள பிணக்கு வேறு. இந்த ஒரு வரியை மறுப்பவர் இருக்க முடியாது. ஆனால் வரி கொள்கையில் இருந்தால் போதாது, விதியில் இருக்க வேண்டும். எம்.எட். இல்லாதவர்களுக்காகக் குறிப்புக்குள் ஒளித்துவைத்திருக்கும் அந்த மூன்றாண்டுப் பள்ளி அனுபவத்தை வெளியே எடுத்து, முதல்வர் உட்பட எல்லோருக்குமான முதல் தகுதியாக எழுத வேண்டும். அதுவரை, திருச்செங்கோட்டிலும் குமாரபாளையத்திலும் எம்.எட். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவருக்கு வழிகாட்டும் பேராசிரியர்கள் ஒன்று செய்யலாம்: வினாத்தாள் அடிக்க அனுப்பும் முன், அந்த மாணவரிடம் அவர் வீட்டில் என்ன தொழில் என்று ஒருமுறை கேளுங்கள்.